அப்பா குரல்ல சளி: டேக், யூஎஸ்பி செட்டிங், காது பத்தி ஒரு த்ரெட்

1/
மக்களே, இன்னைக்கு சுகர், பிபி எதுவும் இல்ல. பாட்டு கேட்கிறதைப் பத்தி ஒரு நீளமான த்ரெட். வீட்டுல ஒரு மியூசிக் சர்வர் வச்சு, யூஎஸ்பி வழியா டேக் மாட்டிப் பாட்டு கேட்கிறவங்க, இல்ல அப்படி ஒண்ணு போடலாமான்னு யோசிக்கிறவங்க பொறுமையா படிங்க. காசு மிச்சமாகும். காதும் மிச்சமாகும். நான் இன்ஜினியர் இல்ல, வெறும் எம்பிபிஎஸ். தப்பு இருந்தா கீழ திருத்துங்க.

2/
தெரியாதவங்களுக்கு சுருக்கமா. பாட்டு ஃபைல் என்பது எண்களின் வரிசை. ஸ்பீக்கருக்குத் தேவை மின் அலை. எண்ணை அலையா மாத்துற கருவிதான் டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர், சுருக்கமா டேக். உங்க போன்ல ஹெட்ஃபோன் மாட்ட வாங்குற குட்டி டாங்கிள்கூட ஒரு டேக்தான். மியூசிக் சர்வர் என்பது பாட்டை எல்லாம் வச்சிருந்து, போன்ல நாம தட்டுனதை எடுத்து டேக்குக்கு அனுப்புற கம்ப்யூட்டர். நிறைய பேர் ராஸ்ப்பெர்ரி பைன்னு உள்ளங்கை அளவு போர்டுல வால்யூமியோ, மூட் மாதிரி இலவச சாஃப்ட்வேர் போட்டு ஓட்டுறாங்க. நானும் அப்படித்தான்.

3/
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். இந்த சர்வர்ல இருக்கிற யூஎஸ்பி செட்டிங்கை நம்ம ஆளுங்க மந்திரம் மாதிரி காப்பி அடிக்கிறாங்க. "ரீசேம்ப்ளிங் ஆஃப் பண்ணு, வால்யூம் கண்ட்ரோலை எடுத்துடு, பிட் பெர்ஃபெக்ட் வை." எல்லா டேக்குக்கும், எல்லா வீட்டுக்கும், எல்லா காதுக்கும் ஒரே சீட்டு. ஓபியில ஒரே மாத்திரையை வரிசையில நிக்கிற எல்லாருக்கும் எழுதினா என்னை சும்மா விடுவீங்களா? இந்த ஒரே சீட்டால நான் ரெண்டு தடவை அடி வாங்கினேன். அந்த ரெண்டு கதைதான் இந்த த்ரெட்.

4/
எங்க ஊர் குருவிநத்தம். பாகூர் கொம்யூன், தென்பெண்ணை பக்கம். எங்க அப்பா மார்கழி பஜனை கோஷ்டியில பாடுவார். தொழில் விவசாயம்தான், பாட்டு ஆசைக்கு. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் டேப் ரெக்கார்டரைக் கோயில் திண்ணையில வச்சுப் பதிவு பண்ணுவாங்க. அப்படி சேர்ந்த கேசட் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்துச்சு. அப்பா இப்போ இல்ல. அந்தப் பெட்டியை அம்மா கட்டிலுக்குக் கீழயே வச்சிருந்தாங்க.

5/
2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணி வந்து தென்பெண்ணை பொங்கி, பாகூர் பக்கம் ஊருக்குள்ள ஏறிடுச்சு. நான் அப்போ டியூட்டியில. அம்மாவைப் பக்கத்து வீட்டு மாடியில ஏத்திட்டாங்க. பெட்டியை யாரும் ஏத்தல. தண்ணி வடிஞ்சு வந்து பார்த்தா பாதிக்கு மேல சேறு. மேல் அடுக்குல இருந்த 11 கேசட்டை மட்டும் காப்பாத்த முடிஞ்சது.

6/
அந்த 11-ஐயும் ராத்திரி ராத்திரியா கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அம்மாவுக்கு ஃபைல், ஃபோல்டர் எல்லாம் ஆகாது. போன்ல அப்பா படத்தைத் தொட்டா ஸ்பீக்கர்ல பாடணும், அவ்வளவுதான். அதுக்காகத்தான் பை போர்டு, ஒரு யூஎஸ்பி டேக், ரெண்டு ஸ்பீக்கர். நெட்ல கிடைச்ச வழிகாட்டியைப் பார்த்து அந்த மூணு மந்திரத்தையும் அப்படியே போட்டேன். சினிமா பாட்டு அருமையா இருந்துச்சு. அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வச்சு அப்பா பாட்டைப் போட்டேன்.

7/
ரெண்டு வரி கேட்டாங்க. "என்னாடா இது, உங்க அப்பாவுக்கு சளி புடிச்ச மாதிரி இருக்கு?" எனக்கு ஒண்ணும் தெரியல. பழைய கேசட், தண்ணியில நின்னது, அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். "இல்லடா, அவரு இப்படி இழுத்துப் பாட மாட்டாரு. தொண்டை கட்டியிருக்கு"ன்னு எழுந்து போயிட்டாங்க. மறுநாள் காலையில அதே ஃபைலைப் போட்டா, "ஆங், இது அவருதான்." சாயங்காலம் போட்டா மறுபடி சளி.

8/
ஒரு நாள் நல்லா, ஒரு நாள் மோசமா இருக்கிற நோய்தான் டாக்டருக்குப் பெரிய தலைவலி. குரூப்ல கேட்டேன். "கேபிள் மாத்துங்க"ன்னாங்க. மாத்தினேன். "யூஎஸ்பி சுத்திகரிப்பு டப்பா ஒண்ணு வாங்கி நடுவுல மாட்டுங்க"ன்னாங்க. வாங்கினேன், 3,200 ரூபாய். "சர்வருக்குத் தனி பவர் சப்ளை போடுங்க"ன்னாங்க. அதுவும் போட்டேன். சளி போகல. நோய் என்னன்னு தெரியாம மூணு மருந்து எழுதியாச்சு. ஓபியில ஒரு ஹவுஸ் சர்ஜன் இப்படிப் பண்ணியிருந்தா நானே திட்டியிருப்பேன்.

9/
அப்புறம்தான் புத்தி வந்தது. மெடிக்கல் காலேஜ்ல முதல்ல சொல்லித் தர்றதே ஹிஸ்டரி எடுக்கிறதுதானே. அம்மாகிட்ட உட்கார்ந்து கேட்டேன். எப்போ சரியா இருக்கு, எப்போ சரியில்ல? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அம்மா யோசிக்கவே இல்ல. "சினிமா பாட்டு கேட்டுட்டு அவரு பாட்டைப் போட்டா சளி. காலையில பொட்டியைப் போட்டதும் அவரு பாட்டு போட்டா நல்லா இருக்கு." ரெண்டு வாரமா நான் கண்டுபிடிக்காததை ரெண்டு வாக்கியத்துல சொல்லிட்டாங்க.

10/
அந்த வார்த்தையை வச்சு சோதனை பண்ணேன். வாட்சை எடுத்து, நாடி பார்க்கிற மாதிரி நேரம் பார்த்தேன். அப்பா பாட்டு ஒண்ணு சரியா 5 நிமிஷம். காலையில முதல்ல போட்டா 5 நிமிஷத்துல முடிஞ்சது. சினிமா பாட்டுக்கு அப்புறம் போட்டா, போன் திரையில 5 நிமிஷம்னு காட்டுது, சுவர்க் கடிகாரத்துல 5 நிமிஷம் 26 விநாடி. கணக்குப் போடத் தெரிஞ்சவங்களுக்கு இப்பவே பிடிபட்டிருக்கும். 48-ஐ 44.1-ஆல வகுத்தா 1.088. 300 விநாடியை அதால பெருக்குங்க.

11/
விஷயம் இதுதான். ஒரு விநாடி சத்தத்தை எத்தனை எண்ணா வெட்டுறோம் என்பதுதான் சேம்பிள் ரேட். சிடியில இருந்து எடுத்த பாட்டு எல்லாம் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 44,100 எண். வீடியோ உலகத்துல 48. நான் கேசட்டைப் பதிவு பண்ண சாஃப்ட்வேர் 48-ல வச்சிருந்தது, நான் கவனிக்கல. டேக்குக்குள்ள ஒரு கடிகாரம் உண்டு. 44.1 பாட்டு வந்தா அந்த வேகம், 48 வந்தா இந்த வேகம்னு மாறணும். என் டேக் மாறாம 44.1-லயே ஒட்டிக்கிட்டு நின்னது. 48-ல வெட்டின அப்பா குரலை 44.1 வேகத்துல வாசிச்சா 8 சதவீதம் மெதுவா வரும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை கீழ இறங்கும். அதான் அம்மா சொன்ன சளி.

12/
இதுல எனக்கு வலிச்ச இடம் எது தெரியுமா? லினக்ஸ்ல சவுண்ட் எந்த வேகத்துல போகுதுன்னு காட்டுற ஒரு சின்ன ஃபைல் உண்டு. ஆல்சா என்கிற சவுண்ட் பகுதி அதை எழுதுது. அதுல 48000-ன்னு தெளிவா இருந்துச்சு. ரிப்போர்ட் நார்மல். சர்வர் சரியாத்தான் அனுப்புது. வாங்குற டேக் கடிகாரத்தை மாத்தல. சர்வரோட ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தா இந்த நோய் தெரியவே தெரியாது. "ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்காதே, ஆளுக்குப் பாரு"ன்னு எங்க புரொஃபசர்கள் ரவுண்ட்ஸ்ல திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்.

13/
கேபிளும் சுத்திகரிப்பு டப்பாவும் ஏன் வேலை செய்யலன்னு கேட்டா, இப்போ வர்ற பெரும்பாலான நல்ல டேக்குகள் அசிங்க்ரனஸ் முறை. டிரிப் ஏத்துறதை நினைச்சுக்கோங்க. சலைன் பாட்டில் ஸ்டோர்ல இருந்து வார்டுக்கு எந்த வேகத்துல வந்துச்சுங்கறது பேஷண்டுக்கு முக்கியமில்ல. சொட்டு எவ்வளவு வேகமா இறங்கணும்னு ஊசி பக்கத்துல இருக்கிற சக்கரம் முடிவு பண்ணுது. அசிங்க்ரனஸ் டேக்கும் அப்படித்தான். தன் கடிகாரத்தை வச்சு "இன்னும் கொடு, கொஞ்சம் பொறு"ன்னு சர்வர்கிட்ட கேட்டு வாங்குது. கேபிள் வேலை எண்ணைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. சக்கரமே தப்பான வேகத்துல நின்னா தங்கத்துல டியூப் போட்டாலும் சரியாகாது.

14/
தீர்வு இலவசம். சர்வர்ல ரீசேம்ப்ளிங்கை ஆன் பண்ணி, எல்லாப் பாட்டையும் 48-க்கு மாத்தி அனுப்பச் சொன்னேன். இனி டேக் தன் கடிகாரத்தை மாத்தவே வேண்டாம், ஒரே வேகம். சளி போச்சு. ஆனா "பிட் பெர்ஃபெக்ட்" போச்சு, அதாவது சிடியில இருந்த எண் அப்படியே டேக்குக்குப் போகல, வழியில கணக்குப் போட்டு மாத்தப்படுது. குரூப்ல இதைச் சொன்னதும் "அப்புறம் எதுக்கு சார் டேக்?"னு ஒருத்தர். நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்.

15/
44.1-ல வெட்டின சத்தத்துல 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அடங்கும். நம்ம காது சின்ன வயசுல 20 வரைக்கும் கேட்கும், வயசாக ஆக மேல இருந்து குறைஞ்சுக்கிட்டே வரும். ஆஸ்பத்திரியில எடுக்கிற சாதாரண ஆடியோகிராம் 250-ல இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பார்க்குது, பேச்சு புரிய அது போதும். நல்ல ரீசேம்ப்ளர், உதாரணமா இந்த சர்வர்கள்ல வர்ற சாக்ஸ், உயர்ந்த தரத்துல ஓடினா அது பண்ற தப்பு காது எட்டாத ஆழத்துல இருக்கும். கேசட்டோட சொந்த இரைச்சல் அதைவிட எத்தனையோ மடங்கு பெருசு.

16/
ஆதாரம் கேட்பீங்க. 2007-ல மேயரும் மோரனும் ஒரு பரிசோதனை வெளியிட்டாங்க. உயர் தர ரெக்கார்டிங்கை அப்படியே ஒரு தடவை, சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவை. எது எதுன்னு சொல்லாம கேட்க வச்சாங்க. 554 தடவையில சரியா சொன்னது 49.8 சதவீதம். காசு சுண்டிப் போட்ட கணக்கு. மறுபக்கத்தையும் சொல்லணும்: 2016-ல ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ 52.3 சதவீதம் வந்தது. புள்ளியியல்படி வித்தியாசம் உண்டு, ஆனா சின்னது. மருந்துலயும் இப்படி வரும். வித்தியாசம் நிஜமா இருக்கலாம், அதுக்காக நகையை அடகு வைக்கத் தேவையில்ல. 8 சதவீதம் மெதுவா ஓடுற பாட்டை மட்டும் படிக்காத எங்க அம்மா பத்து விநாடியில கண்டுபிடிச்சாங்க.

17/
இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டுப் பாட்டு கேட்கிறவங்க பலருக்கும் நடுவுல பைப்வயர்னு ஒண்ணு ஓடுது. அதை மாத்தாம விட்டா எல்லாத்தையும் 48-க்கு மாத்தித்தான் அனுப்பும். ஆண்ட்ராய்டு போனும் பல வருஷமா அப்படித்தான். யூஎஸ்பி டேக்குக்கு மாத்தாம அனுப்புற வசதியை ஆண்ட்ராய்டு 14-லதான் முறையா கொடுத்தாங்க. அதாவது ரீசேம்ப்ளிங் பண்ணின பாட்டைத்தான் இத்தனை வருஷம் ரசிச்சுக் கேட்டுட்டு இருந்தோம், தெரியாமலேயே. தெரிஞ்ச அன்னைக்கு மட்டும் திடீர்னு காது குத்துது.

18/
இப்போ ரெண்டாவது அடி. இது கொஞ்சம் சீரியஸ். மூணு மந்திரத்துல ஒண்ணு "வால்யூம் கண்ட்ரோலை எடுத்துடு." வால்யூமியோவுல மிக்சர் டைப்னு ஒரு இடம் இருக்கு. ஹார்டுவேர், சாஃப்ட்வேர், நன்னு மூணு தேர்வு. நன் வச்சா சர்வர் எப்பவும் முழு சத்தத்துல அனுப்பும், போன்ல குறைக்க முடியாது. சத்தத்தை ஆம்ப்ளிஃபையர்ல குறைச்சுக்கணும். நான் அதையே வச்சிருந்தேன். ஒரு ராத்திரி அம்மா தூங்கினதும் டேக்ல இருக்கிற ஹெட்ஃபோன் துளையில மாட்டி அப்பா கேசட் கேட்டுட்டு இருந்தேன். பழைய பதிவு, சத்தம் கம்மி. அதனால டேக் குமிழை ரொம்ப மேல வச்சிருந்தேன்.

19/
கரண்ட் போச்சு. ஊர்ல இது சகஜம். ஹெட்ஃபோனைக் கழட்டாம அப்படியே கண் அசந்துட்டேன். கரண்ட் வந்ததும் சர்வர் தானா எழுந்து, வரிசையில இருந்த அடுத்த பாட்டைப் போட்டுச்சு. அது இந்தக் காலத்து சினிமா பாட்டு, கேசட்டைவிடப் பல மடங்கு சத்தமா மாஸ்டர் பண்ணது. ரெண்டு காதுலயும் முழு வேகத்துல இடி. தூக்கி எறிஞ்சேன். ரெண்டு நாள் காதுல "கொய்ங்"னு இரைச்சல். ஸ்டெத் வச்சா மூச்சு சத்தத்துக்கு மேல அந்த இரைச்சல்தான் கேட்டுச்சு. ஆடியோகிராம் எடுத்தேன், நல்லவேளை நார்மல். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. உள்காதுல இருக்கிற முடி செல்கள் செத்தா திரும்ப முளைக்காது.

20/
"சாஃப்ட்வேர் வால்யூம் வச்சா தரம் போயிடும்"ங்கிறது முழு உண்மை இல்ல. சத்தத்தை 6 டெசிபெல் குறைக்க ஒரு பிட் செலவாகும். சிடி பாட்டு 16 பிட். டேக்குக்கு 24 பிட்ல அனுப்பினா 8 பிட் சும்மா காலியா இருக்கு. அப்போ 48 டெசிபெல் குறைக்கிற வரைக்கும் பாட்டோட பிட்ல கை வைக்கவே வேண்டாம். வீட்டுல அவ்வளவு குறைச்சா அது கிசுகிசு. கேசட்டுக்கு இன்னும் கவலை இல்ல. 16 பிட்டுக்கு 96 டெசிபெல் இடைவெளி உண்டு, சாதாரண கேசட் 50, 60-க்குள்ள அடங்கிடும். ஆக நான் காப்பாத்தினது காது கேட்காத ஒரு துளி, பணயம் வச்சது காதையே.

21/
உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கை மனசுல வச்சுக்கோங்க. பெரியவங்களுக்கு 80 டெசிபெல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபெல் ஏறினா நேரம் பாதியாகும். 90-ல 4 மணி நேரம். 95-ல ஒண்ணேகால் மணி நேரம், அதுவும் ஒரு வாரத்துக்கு மொத்தமா. குழந்தைங்களுக்கு 75 டெசிபெல், 40 மணி நேரம். உலகத்துல 100 கோடிக்கு மேல இளைஞர்கள் இப்படிக் கேட்டே காதைக் கெடுத்துக்கிற அபாயத்துல இருக்காங்கன்னு அவங்களே சொல்றாங்க. போன்ல ஹெட்ஃபோன் மாட்டினா எச்சரிக்கை வரும். நாமளே கட்டுற மியூசிக் சர்வர்ல அந்த நர்ஸ் கிடையாது. நாமதான் வைக்கணும்.

22/
அதனால என் சீட்டு இது. வரிசை முக்கியம்.
முதல்ல, மிக்சர் டைப்: டேக்லயே சர்வர் இயக்கக்கூடிய வால்யூம் இருந்தா ஹார்டுவேர், இல்லன்னா சாஃப்ட்வேர். தனி ஆம்ப்ளிஃபையர் குமிழ் இருந்து, ஸ்பீக்கர்ல மட்டும் கேட்கிறவங்க நன் வச்சுக்கலாம். ஹெட்ஃபோன் மாட்டுற வீட்டுல நன் வேண்டாம்.
ரெண்டாவது, அதே பக்கத்துல தொடக்க வால்யூம், அதிகபட்ச வால்யூம்னு ரெண்டு இடம் இருக்கு. தொடக்கம் 20, 30 மாதிரி கீழ வைங்க. அதிகபட்சத்துக்கு ஒரு வரம்பு போடுங்க. கரண்ட் போய் வந்தாலும் காது தப்பிக்கும்.

23/
மூணாவது, அவுட்புட்ல உங்க டேக் பேர்தான் தேர்வாகி இருக்கான்னு ரீபூட் பண்ணிப் பாருங்க. டிவி போற ஹெச்டிஎம்ஐயும் ஒரு சவுண்ட் கார்டுதான். எண்ணை வச்சு அமைச்சிருந்தா ரீபூட்ல வரிசை மாறி, பாட்டு வேற வழியா ஓடிட்டு இருக்கும்.
நாலாவது, 44.1 பாட்டு, 48 பாட்டு, மறுபடி 44.1 பாட்டுன்னு மாத்தி மாத்திப் போட்டு வாட்ச் வச்சுப் பாருங்க. நேரம் சரியா இருந்தா ரீசேம்ப்ளிங் ஆஃபே இருக்கட்டும், தொடாதீங்க. தப்பினா டேக்குக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஒரே வேகத்துக்கு மாத்தி அனுப்புங்க.

24/
அஞ்சாவது, "படபட", "டிக் டிக்" சத்தம் வந்தா பவரைப் பாருங்க. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், பை 5-க்கு 5 ஆம்பியர். பை 5-ல சின்ன அடாப்டர் மாட்டினா யூஎஸ்பி துளைகள் எல்லாத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். யூஎஸ்பியில இருந்தே கரண்ட் எடுக்கிற டேக் பசியில திணறும். பழைய பை 3-ல நெட்வொர்க் கேபிளும் யூஎஸ்பியும் ஒரே பாதை. பெரிய ஃபைல் நெட்வொர்க்ல வந்தா நெரிசல். 2019-ல வந்த பை 4-ல அதைப் பிரிச்சுட்டாங்க. "உம்ம்"னு 50 ஹெர்ட்ஸ் முனகல்னா பெரும்பாலும் எர்த் பிரச்சினை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, கேபிள் கடைக்காரரை இல்ல.

25/
"எனக்கு நல்ல டேக், எல்லா வேகமும் சரியா மாறுது, பிட் பெர்ஃபெக்ட்ல சந்தோஷமா இருக்கேன்"னு சொல்றவங்களுக்கு: ரொம்ப சந்தோஷம், அப்படியே இருங்க. நான் பிட் பெர்ஃபெக்டுக்கு எதிரி இல்ல. அது ஒரு நல்ல லேப் டெஸ்ட் மாதிரி, வழியில யாரும் எண்ணை மாத்தலன்னு சொல்லும். கேட்கிற ஆளுக்குப் பாட்டு சரியாப் போய்ச் சேர்ந்துச்சான்னு அதுக்குத் தெரியாது. அதை அடுத்தவங்க வீட்டுக்குக் கட்டாய மருந்தா எழுதாதீங்க. அவங்க டேக் என்ன, ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா, வீட்டுல குழந்தை இருக்கா, கரண்ட் போகுமான்னு கேட்டுட்டு சொல்லுங்க.

26/
இவ்வளவு படிச்சவங்களுக்கு டாக்டரா ரெண்டே வார்த்தை. புது டேக் வாங்குறதுக்கு முன்னாடி காதைக் காட்டுங்க. ஒரு பக்கம் மந்தமா கேட்குதுன்னு ஸ்பீக்கரை மாத்தினவங்களுக்கு எத்தனையோ தடவை காதுக்குரும்பி எடுத்து அனுப்பியிருக்கேன். திடீர்னு ஒரு காது கேட்கலன்னா "தானா சரியாகும்"னு இருக்காதீங்க. அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. சிகிச்சை சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

27/
சுத்திகரிப்பு டப்பா அலமாரியில தூங்குது. யாருக்கும் விக்க மனசு வரல, அந்தப் பாவம் வேண்டாம். எங்க வீட்டு சர்வர்ல எல்லாம் 48, வால்யூம் வரம்பு 60, தொடக்கம் 20. நேத்து டியூட்டி முடிஞ்சு ராத்திரி வந்தப்போ அம்மா சினிமா பாட்டு கேட்டுட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் போன்ல அப்பா படத்தைத் தொட்டாங்க. ரெண்டு வரி கேட்டுட்டு, "சளி இல்லடா"ன்னாங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. டேக் மாடல், சர்வர் என்ன, எதுக்கு அப்புறம் பிரச்சினை வருதுன்னு சேர்த்து எழுதுங்க. ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.